சுவர் எத்தனை வினாடி நிற்க வேண்டும்?

உயிர்பிழைப்புக் கணினி விளையாட்டில் சுவரின் பலத்தை நான் வினாடியிலிருந்து தொடங்குவேன். நான் உருவாக்கும் விளையாட்டில் சுரங்கத்திலிருந்து கோட்டைக்கு ஓடிவர 30 வினாடி ஆகும். மரச்சுவர் அதுவரை தாங்க வேண்டும். ஓநாயின் ஒரு கடிக்குச் சுவரின் பலத்தில் 10 புள்ளி குறையும், 2 வினாடிக்கு ஒரு கடி. 8 ஓநாய்கள் வந்தாலும் ஒரு சுவர்த்துண்டை 4 ஓநாய்கள்தான் எட்டும். ஆக வினாடிக்கு 20, சுவருக்கு 600.

அப்புறம் கல்சுவர். ரஸ்ட் விளையாட்டில் மரம் 250, கல் 500, தகடு 1000, கவசச்சுவர் 2000 என இரட்டிப்பாகும். ஆடுபவர் மனக்கணக்காகவே போடலாம். ஆனால் கல் சேர்க்கும் உழைப்பும் கூட வேண்டும், இல்லையென்றால் மரச்சுவரை யாரும் கட்ட மாட்டார்கள்.

பழுதுபார்ப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக அடுக்குமாடி வீட்டில் அக்கா மகன் சோதித்துப் பார்த்தான். சுவருக்குப் பின்னால் நின்று சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தான். வினாடிக்கு 25 சேர்ந்தது. ஓநாய்கள் விடியும்வரை கடித்தும் சுவர் விழவில்லை. "மாமா, போரடிக்குது" என்றான். அதை 12 ஆகக் குறைத்தேன். இப்போது வினாடிக்கு 8 குறைகிறது, சுவர் 75 வினாடி நிற்கிறது. அதற்குள் அவன் தங்கை ஈட்டியோடு சுற்றி வந்து ஓநாய்களை விரட்ட வேண்டும்.