வகுப்பில் தொழில்நுட்பம்: பிள்ளைகளுக்கு முத்திரை குத்தாமல் பல வழிகளில் பாடம் நடத்துவது எப்படி

"இவன் பார்த்தால்தான் படிப்பான், இவளுக்குக் காதில் விழுந்தால் போதும், அவனுக்குக் கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும்" என்று பிள்ளைகளைப் பிரித்து, ஆளுக்கொரு விதமாகப் பாடம் தயாரிக்க உட்காரப் போகிறீர்களா? வேண்டாம், அந்த உழைப்பை வேறு இடத்தில் போடுங்கள். பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என்ற நான்கு வகையை 1990களில் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் பிரபலமாக்கினார். ஆனால் 2008இல் உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் அவரோடு சேர்ந்த மூன்று பேரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, பிடித்த பாணியில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

அதற்காக எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்றும் ஆகாது. ஒருத்திக்கு வாசிப்பு மெதுவாக வரும், ஒருவனுக்குப் போன வருஷப் பாடமே புரிந்திருக்காது, இன்னொருத்திக்கு விடை தெரிந்தும் வாய் திறக்கக் கூச்சம். இந்த வேறுபாடுகள்தான் நிஜமானவை, தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டியதும் இவற்றுக்காகத்தான். ஒரே பாடத்தைப் பல வழிகளில் வையுங்கள், எல்லா வழியும் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். முதல் பல்பே மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், அடுத்த பல்புக்கு மிச்சம்தான் போகும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். எவ்வளவு விளக்கிப் பேசினாலும் இந்த எண்ணம் லேசில் போகாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில், திரையிலேயே நிஜம்போல மின்சுற்று கட்டிப் பார்க்கும் பாவனைச் செயலி இலவசமாகவே இருக்கிறது. அதில் இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டுங்கள், ஆனால் உடனே அளந்து காட்டாதீர்கள். முதல் பல்புக்கு முன்னால் எவ்வளவு மின்னோட்டம், இரண்டாவதற்குப் பின்னால் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஊகித்து எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் வாதாடட்டும். அப்புறம் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்டும்போது, தவறாக எழுதிய பிள்ளைக்குத்தான் ஆர்வம் அதிகமாக வரும். கடைசியில் சுற்றை வரைந்து, ஏன் அப்படி என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பார்ப்பது, பேசுவது, செய்வது, எழுதுவது நான்கும் ஒரே பீரியடில் ஒரே கருத்துக்காக வந்துவிட்டன, யாரையும் தனியாகப் பிரிக்கவும் இல்லை.

ஸ்லைடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் பதியும். அதே ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதிவைத்து அதையே வரிக்கு வரி வாசித்தால், கண்ணும் காதும் ஒரே சொற்களோடு மல்லுக்கட்டும், படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சப்டைட்டில் விஷயம் வேறு. காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் அந்த மொழி புதிதாக இருப்பவர்களுக்கும் அது அவசியம், எடுத்துவிடாதீர்கள். வீடியோவும் முழுசாக ஓட வேண்டியதில்லை, மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு, எழுத்தைக் குரலாக மாற்றும் வசதி இப்போது பெரும்பாலான போன்களிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் பாடத்தை நீங்களே வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள். அதை எல்லோருக்கும் கொடுங்கள், "உனக்கு மட்டும்" என்று நீட்டினால் அந்தப் பிள்ளை வாங்கவே தயங்கும்.

வினாடி வினா வைப்பது மார்க்குக்காக மட்டும் இல்லை. படித்ததை நினைவிலிருந்து இழுத்து எடுப்பதே நல்ல பயிற்சி. பிள்ளைகளிடம் போன் இல்லையா? பிளிக்கர்ஸ் (Plickers) என்ற வினாடி வினா ஆப்பில் அவர்களுக்கு அச்சடித்த அட்டை போதும், அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை, உங்கள் போன் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். கூச்சப்படும் பிள்ளையும் இதில் பதில் சொல்லும். முதலிடம் யாருக்கு என்று திரையில் காட்டும் போட்டிகளை அடிக்கடி வைக்காதீர்கள், மெதுவாக யோசிப்பவர்கள் அதில் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள்.

புரிந்ததைக் காட்டுவதிலும் தேர்வு கொடுங்கள்: குரல்பதிவு, படம், ஒரு பக்கக் கட்டுரை, எதுவானாலும் சரி. மதிப்பீடு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கருத்து சரியா, காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள், படத்தின் அழகுக்கு மார்க் போடாதீர்கள். கட்டுரை எழுதுவதே பாடமாக இருக்கும் நாளில் இந்தத் தேர்வு பொருந்தாது, அன்று எல்லோரும் எழுதத்தான் வேண்டும்.

வகுப்பில் நெட் நம்ப முடியாது என்றால், ஃபெட் பாவனைச் செயலிகளில் புதியவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமலே ஓடும். வீடியோவையும் முடிந்தால் அப்படியே எடுத்து வையுங்கள், ஒருமுறை வகுப்பறைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஸ்பீக்கர் சத்தம் கடைசி பெஞ்சுவரை வருகிறதா என்பதையும் சேர்த்து.