சிறு ஃபைபர் படகில் மழைநீர் தேங்காமல் வடிகால் அமைக்கும் முறை

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்ட வாரத்தில், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் கட்டியிருந்த எங்கள் மாமாவின் 14 அடி ஃபைபர் படகு ஒரே இரவில் பின்பக்கமாக மூழ்கி, அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், மாட்டியிருந்த எஞ்சினும் நீருக்குள் போய்விட்டது. படகில் எங்கும் ஓட்டை இல்லை. உட்காரும் பள்ளத்தில், அதாவது காக்பிட்டில், விழுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் நின்றதுதான் காரணம். படகைப் புதிதாக வாங்கியவர்கள் ஐப்பசி அடைமழைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். காக்பிட் 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் இருந்தால், 50 மி.மீ. மழைக்கு 120 லிட்டர், அதாவது 120 கிலோ எடை ஏறிவிடும். அந்த எடை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. படகு சற்றுச் சாய்ந்தாலும் நீர் முழுவதும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

படி 1: தரைமட்டத்தை அளப்பது

துளை போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுவே. மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பொறுமை தேவை. ஏரியின் மதகு வழியாக நீர் வெளியே போவதற்கு, வாய்க்கால் ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும் அல்லவா? படகில் அந்த வாய்க்காலின் இடத்தில் இருப்பது ஏரியே. எனவே காக்பிட்டின் தரை, வெளியே உள்ள ஏரி மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் மட்டுமே மழைநீர் தானாக வடியும். தாழ்ந்திருந்தால் நீங்கள் போடும் துளை வழியாக ஏரிதான் உள்ளே வரும்.

படகை நீரில் மிதக்கவிட்டு, வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுங்கள். அமரத்தின் அருகே இரு விளிம்புகளிலும் படுமாறு ஒரு நேரான பலகையைக் குறுக்கே வைத்து, பலகையிலிருந்து உள்தரை வரை ஓர் அளவும், வெளியே நீர்மட்டம் வரை ஓர் அளவும் எடுங்கள். தரைக்கான அளவு குறைவாக இருந்தால் தரை உயர்ந்திருக்கிறது என்று பொருள். இதைச் சரிபார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையை ஏரிக்குள் அமிழ்த்தி, மறுமுனையை விரலால் மூடியபடி காக்பிட் தரைவரை இறக்கி, பிறகு விரலை எடுங்கள். நீர் உள்ளே கொட்டினால் தரை தாழ்வு. குழாயில் உள்ள நீர் ஏரிப்பக்கம் பின்வாங்கினால் தரை உயரம். ஆட்கள் ஏறிய நிலையில் குறைந்தது 5 செ.மீ. உயரமாவது இல்லாவிட்டால் நான் துளை போடமாட்டேன்.

ஒற்றை அடுக்குப் படகுகளில் அடிப்பாகமே தரையாக இருப்பதால் அது எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். அத்தகைய படகு வைத்திருப்பவர்கள் கடைசிப் படிக்குச் சென்றுவிடலாம்.

படி 2: இடமும் அளவும்

தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அறிய ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது அமரத்தின் மூலைகளில் போய் நிற்கும். இரு மூலைகளிலும் ஒவ்வொரு துளை வேண்டும், ஏனெனில் ஒருவர் ஓரமாக உட்கார்ந்தாலே நீர் மறுமூலையை எட்டாது. மணிக்கு 60 மி.மீ. என்ற கடும் மழையிலும் மேலே சொன்ன காக்பிட்டில் நிமிடத்துக்கு 2.4 லிட்டர்தான் சேரும் என்பதால், வடிவதற்கு 25 மி.மீ. துளையே போதும். ஆனாலும் 38 மி.மீ. துளையையே பரிந்துரைக்கிறேன். நம் ஏரிக்கரைகளில் வேலமரமும் வேலிகாத்தானும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் பொடி இலைகள் மழையில் ஊறி, சாணம் மெழுகியதுபோல் துளையின் வாயில் படிந்துவிடும். நெருக்கமான கம்பிவலையைப் பொருத்தினால் அடைப்பு இன்னும் விரைவில் வரும். பெரிய கண்கள் உள்ள, குமிழ்போல் மேலெழுந்த சல்லடையே ஏற்றது.

படி 3: துளையிட்டுப் பொருத்துவது

படகைக் கரையேற்றி, முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். ஃபைபர் தூசி நுரையீரலுக்குக் கேடு. குறித்த இடத்தில் டேப் ஒட்டி, வட்டத் துளை வெட்டும் ரம்பமான ஹோல் சாவை முதலில் பின்சுழற்சியில் ஓட்டினால் மேற்பூச்சு சிதறாது. வெட்டிய விளிம்பில் பிளைவுட் தெரிந்தால் அதன்மீது எபாக்சி என்னும் பிசினைப் பூசி, முழுவதும் காய விட வேண்டும். இதைத் தவிர்த்தால் பிளைவுட் நீரை உறிஞ்சி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் உளுத்துப்போகும்.

தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், நீர் அதற்குள் இறங்காதபடி தரைத்துளையிலிருந்து அமரத்தின் வெளிப்புறம்வரை கம்பி வைத்த ஹோஸ் பொருத்தி, ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்புகளை இறுக்குங்கள். வெளிமுனையும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். வீட்டுக்குழாய்க்கான பிவிசி பொருள்கள் வெயிலில் நொறுங்கும் தன்மை கொண்டவை. படகுக்கென்றே செய்த நைலான் அல்லது வெண்கலப் பொருத்திகளை வாங்குங்கள். ஒட்டுவதற்குச் சிலிகான் வேண்டாம், பாலியூரிதேன் சீலண்டே நிலைக்கும். அலை உள்ளே வராமல் வெளிமுனையில் ஒரு ரப்பர் மடலும் வைக்கலாம்.

படி 4: தரை தாழ்ந்திருந்தால்

படகினுள் தேங்கும் நீரை வெளியேற்றும், மிதவை சுவிட்ச் உள்ள 12 வோல்ட் பில்ஜ் பம்பை மிகத் தாழ்ந்த மூலையில் வைத்து, ஃபியூஸ் வழியாக நேரடியாக பேட்டரியில் இணையுங்கள். மணிக்கு 500 காலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், நீரை மேலே ஏற்றும் உயரத்துக்கு ஏற்ப உண்மையில் வெளியேறும் அளவு குறையும். பேட்டரி இறங்கிவிட்டால் பம்பு நின்றுவிடும் என்பதால் தார்ப்பாயும் தேவை. படகின் முன்முனையான அணியத்திலிருந்து அமரம்வரை நடுவே ஒரு மூங்கிலை முகடுபோல் வைத்து அதன்மேல் போர்த்தினால்தான் நீர் இருபக்கமும் வழியும். தட்டையாகப் போர்த்திய பாய் நடுவில் குழிந்து நீரைச் சுமக்கும்.

கரையில் ஏற்றி வைக்கும்போது அணியத்தைச் சற்று உயர்த்தி, அமரத்தின் அடியில் உள்ள திருகுமூடியைக் கழற்றி வையுங்கள். அந்த மூடியை ஒரு கயிற்றில் கோத்து எஞ்சின் சாவியுடன் சேர்த்துக் கட்டிவிட்டால், அதை மாட்டாமல் படகை நீரில் இறக்கும் பிழை நேராது.