கடலோர வீட்டுச் சுவரில் டிவி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கம் வீடுகளுக்கு டிவி மாட்டிக்கொடுப்பது என் தொழில். புதிதாக டிரில் இயந்திரம் வாங்கிய இளைஞர்கள், நான் வேலை பழகிய காலத்தில் செய்த பிழைகளையே இன்றும் அப்படியே செய்கிறார்கள். ரசமட்டம் வைக்காமல் கோணலாக மாட்டுவது போன்றவை பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சுவருக்குள் மறைந்து நடப்பவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியில் வந்த ஸ்க்ரூவையே போடுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான். டிவியைச் சுவரில் தாங்கும் இரும்புச் சட்டமான பிராக்கெட்டோடு வரும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மெல்லிய துத்தநாக முலாம் பூசிய சாதாரண இரும்பு. கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் அவை பல ஆண்டுகள் தாங்கும். நம் கடற்கரையில் தாங்காது. காற்றோடு வரும் உப்பு சுவரிலும் துளையிலும் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், ஸ்க்ரூ எப்போதும் நனைந்த நிலையிலேயே இருக்கிறது. முதலில் முலாம் கரைகிறது, பிறகு இரும்பு அரிக்கப்படுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கைப் பிளந்து, சுற்றியுள்ள பூச்சையும் நெகிழச் செய்கிறது. இவ்வளவும் டிவிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

பாம்பனில் ஒரு வீட்டில், பெரிய டிவி வாங்கியதால் பழையதை இறக்கித் தரச் சொன்னார்கள். ஸ்க்ரூ தலைகள் பளபளப்பாகவே இருந்தன. திருப்புளியை வைத்து லேசாகத் திருப்பியதும் ஒரு தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது, அடுத்ததும் அப்படியே. உள்ளே தண்டு பாதிக்கு மேல் அரித்துப்போயிருந்தது. "நல்லாத்தான தம்பி நின்னுச்சு" என்றார் வீட்டுப் பெரியவர். அந்த டிவியின் நேர்கீழேதான் பேரப்பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு உடல் பதறியது. பல ஆயிரம் கொடுத்து டிவி வாங்குகிறவர்கள் நாலு ஸ்க்ரூவுக்குக் கணக்குப் பார்ப்பதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்திலேயே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் நம் வீட்டுக்குள்ளும் வீசுகிறது.

ஆகவே கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ என்று மட்டும் கேட்காமல், 316 ரகம் என்று கேளுங்கள். அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பை எதிர்க்கும். 304 ரகம் அந்த அளவுக்குத் தாங்காது. காந்தம் வைத்துப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், நம்பிக்கையான கடையில் வாங்குவதே வழி. எஸ்.எஸ். ஸ்க்ரூவை இயந்திரத்தால் வெறியோடு முறுக்கினால் தலை முறிந்துவிடும். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றித் தண்டைப் பார்த்துவிட்டு மீண்டும் போடுவது நல்லது.

பூச்சைச் சுவர் என்று நம்புவது

உட்புறச் சிமென்ட் பூச்சு ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம் இருக்கும். எடையைத் தாங்க வேண்டியது அதற்குப் பின்னுள்ள செங்கல். துளையிடும்போது சாம்பல் நிறத் தூள் சிவப்பாக மாறுகிறதா என்று கவனியுங்கள். பிளக் முழுவதும் சிவப்புத் தூள் வரும் ஆழத்துக்குள் போக வேண்டும். துளைக்குள் தங்கிய தூளை ஊதி வெளியேற்றாவிட்டால் பிளக் பிடிக்காது. உப்புப் பூத்து உதிரும் இடத்தில் மாட்டவே கூடாது.

பழைய வீடுகளில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வரலாம். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தில் அந்தக் கல்லைக் காணலாம். நுண்துளைகள் நிறைந்த அக்கல்லில் சுத்தியல் விசையோடு, அதாவது குத்திக்கொண்டே சுழலும்படி, டிரில் போட்டால் பொடிந்துபோகும். அங்கே சுத்தியல் விசையை நிறுத்தித் துளையிட்டு, வலைபோன்ற சிறு குழாயைச் செருகி, இறுகிப் பிடிக்கும் பசையான கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். அதுவும் பிடிக்காத சுவராக இருந்தால் டிவியை மேசையில் வையுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் கல் சுவருக்கும் சுத்தியல் விசை ஆகாது. வெற்றிடத்துக்குள் விரிந்து பிடிக்கும் பிளக் தேவை.

நீளும் கை பிராக்கெட்

டிவியை முன்னே கொண்டுவரும் இந்தப் பிராக்கெட்டின் கையை வெளியே இழுக்க இழுக்க, மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை கூடும். உறுதியான செங்கல் சுவர் இல்லாத வீட்டில் வேண்டாம்.

மறைந்த வயர்

சுவிட்ச் பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் துளையிடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரிலால் வேலையைத் தொடங்குங்கள்.

டிவிக்குள் போகும் போல்ட்

நீளம் அதிகமானால் உள்ளே பேனலைக் குத்தும். கையேட்டில் உள்ள அளவையே போடுங்கள்.

இழுத்துப் பார்க்காமல் மாட்டுவது

பிராக்கெட்டைப் பொருத்தியதும், டிவியை ஏற்றும் முன், இரு கைகளாலும் அதைக் கீழ்நோக்கியும் முன்னோக்கியும் பலமாக இழுத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் அந்தத் துளையைக் கைவிட்டு, சற்றுத் தள்ளி வேறு துளை போடுங்கள்.