ஃபிளாஸ்க்கில் இருப்பது யாருடைய செல்?

மதுரைப் பக்கம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளில் பலர் கையில் ஓர் இலையோடுதான் வருகிறார்கள். அழகர்மலையிலோ சிறுமலையிலோ பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறப்போட்ட சாறு. அதை மார்பகப் புற்று செல்லின் மேல் விட்டால் செல் சாகிறது. பி.எச்டி. பாதி முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

சிறு குழிகள் உள்ள லேப் தட்டில் வளர்கிற செல்லைக் கொல்வது பெரிய வித்தையில்லை. செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியாவில் உப்பு கூடினாலே செத்துவிடும். சாற்றைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானும் அளவு மீறினால் கொல்லும். டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி ஒன்று, புற்று இல்லாத நார்மல் செல் ஒன்று, இரண்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வீர்கள்.

எம்டிடி சோதனையில்தான் நான் வகையாக ஏமாந்தேன். உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா அடர்ந்தால் உயிருள்ள செல் அதிகம் என்று கணக்கு. சாற்றின் அளவைக் கூட்டக் கூட என் செல்கள் பெருகுவதாகக் கருவி சொன்னது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் உருண்டு, அடியை விட்டுப் பிரிந்து மிதக்கின்றன. ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்த இலைச்சாறு, செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கும். மீடியாவும் சாறும் மட்டும் உள்ள குழியை வைத்திருந்தால் ஒரே நாளில் பிடிபட்டிருக்கும். எனக்கு நாலு மாதம் ஆனது.

இலைச்சாறே வீண் என்று சொல்லவில்லை. நம் ஊரில் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குகிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தன. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆராய்ச்சியாளர்கள் அதைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அதை அவர்கள் விடவில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களை இந்த மருந்துகள் உருவாகவிடுவதில்லை என்பது பின்னால் தெளிவானது. நம் ஆட்களோ ‘செத்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, செத்தது எந்த செல்? பக்கத்து லேபில் செல் வளரும் குப்பி, அதாவது ஒரு ஃபிளாஸ்க், கேட்டு வாங்குவது, பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி சாதாரணமாக நடக்கிறது. 1951-இல் ஹென்ரியெட்டா லேக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா என்ற செல் வகை, ஏறக்குறைய ஒரே நாளில் இரட்டிப்பாகும். பிப்பெட் நுனியில் ஒட்டியது போதும், சில வாரத்தில் ஃபிளாஸ்க் முழுக்க அதுதான். வெவ்வேறு என்று நம்பியிருந்த 18 செல் லைன்கள் (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகைகள்) உண்மையில் ஹீலாதான் என்று 1966-இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை மார்பகப் புற்று என்று நம்பி எத்தனையோ பேப்பர்கள் வந்தன. அது மெலனோமா, அதாவது நிறமிச் செல் புற்று. புனேயில் உள்ள என்சிசிஎஸ் (தேசிய செல் அறிவியல் மையம்) செல் வங்கியிலிருந்து முறையாக வாங்குங்கள், எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ சோதனையில் அடையாளத்தை உறுதி செய்யுங்கள், வந்த கையோடு சில சிறு குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் போட்டுவையுங்கள். நம் ஊர் கரண்ட்டை நம்பி இன்குபேட்டரில் மட்டும் வைத்திருப்பது தைரியம் அல்ல.

செல்லில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இதைவிடக் கள்ளத்தனம். செல் சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் பலிக்காது, மீடியாவும் கலங்காது. மாதம் ஒரு பிசிஆர் போடுவதைத் தவிர வழியில்லை.

அப்புறம் இந்த ‘n = 3’, அதாவது மூன்று முறை சோதித்தோம் என்கிற கணக்கு. ஒரே தட்டில் மூன்று குழியைப் படித்துவிட்டு மூன்று சோதனை என்று எழுதுவது, ஒரே பானையில் மூன்று பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு மூன்று நாள் சமைத்தேன் என்பதுபோல. வேறு நாள், வேறு பாசேஜ் (புதுக் குப்பிக்கு மாற்றி வளர்த்த செல்), புதிதாகக் கரைத்த மருந்து: அப்படிச் செய்தால்தான் மூன்று.

லேப் தேர்விலும் ஒரு தவறு. தலைப்பில் ‘புற்று’ இல்லை என்று நல்ல கைடை விட்டுவிடுகிறார்கள். புற்றுக்கு அடிப்படையான செல் சுழற்சி, அதாவது செல் பிரியும் விதம், குறித்த ஆய்வுக்காக 2001-இல் நோபல் வாங்கிய மூவரில் ஹார்ட்வெல் பார்த்தது ஈஸ்ட், டிம் ஹன்ட் பார்த்தது கடல் முள்ளெலியின் முட்டை. இங்கே மதுரையிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி மையத்தில், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்று குறித்து ஆய்வு நடக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு என்ன வேலை என்று, ஒரு நடை போய்க் கேட்காமலே பெங்களூர் பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.