"இவரை ஏன் இந்திய அணியில் எடுக்கவில்லை?" என்று கேட்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் பங்கஜ் சிங் தன் முதல் டெஸ்டை ஆடினார். அப்போது அவருக்கு வயது 29. 2010-11, 2011-12 என்று மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை ராஜஸ்தான் வென்றபோது அந்த அணியின் முதன்மையான வேகப்பந்து வீச்சாளர் அவர்தான். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 37 ஓவர் வீசி 146 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 10 ஓவர், 33 ரன், அதிலும் விக்கெட் இல்லை. மொத்தம் 179 ரன்னுக்குப் பூஜ்யம். அறிமுக டெஸ்டில் விக்கெட்டே எடுக்காமல் அவ்வளவு ரன் கொடுத்தவர் அதுவரை யாரும் கிடையாது.

ஸ்கோர்கார்டு சொல்வது அவ்வளவுதான். அலஸ்டர் குக் 15 ரன்னில் இருந்தபோது பங்கஜின் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போனதையும், ஜடேஜா அதைத் தவறவிட்டதையும் அது சொல்லாது. குக் 95 அடித்தார். அந்த ஒரு கேட்ச் கையில் விழுந்திருந்தால் பங்கஜின் டெஸ்ட் வாழ்க்கையே மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பது அந்த 179ஐ மட்டும்தான். அடுத்த டெஸ்டில் இரண்டு விக்கெட் எடுத்தார். அதோடு சரி, மூன்றாவது டெஸ்ட் வரவேயில்லை.

ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேசிய அணிக்குத் தகுதியானவரா என்ற சண்டை நம் ஊரில் டீக்கடையிலும் நடக்கும், கல்யாணப் பந்தியிலும் நடக்கும். அந்தச் சண்டைகளில் நானும் நிறையக் கத்தியிருக்கிறேன். அப்படிக் கத்தியபோது நான் செய்த தவறுகளும் மற்றவர்கள் செய்யக் கண்டவையும்தான் கீழே இருப்பவை.

விக்கெட் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது

இதுதான் முதல் தவறு, எல்லோரும் செய்வதும் இதுதான். "ரஞ்சியில் இத்தனை விக்கெட் எடுத்திருக்கிறார், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டுவிடுகிறோம். அந்த விக்கெட்டுகளை எங்கே, எந்தப் பந்தில், யாருக்கு எதிராக எடுத்தார் என்று பார்ப்பதில்லை.

அன்ஷுல் காம்போஜை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடியவர் என்பதால் நமக்கு நன்றாகத் தெரிந்த முகம். 2024 நவம்பரில் கேரளாவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் ஹரியானாவுக்காக ஒரே இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்துப் பத்து விக்கெட்டையும் எடுத்தார். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டம் நடந்த இடம் லாலி. ரோத்தக் பக்கத்தில் இருக்கும் அந்த மைதானம் வேகப்பந்துக்குக் கைகொடுக்கும் ஆடுகளம் என்று ரஞ்சியைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதம் கழித்து, 2025 ஜூலையில், தொடரின் நடுவே இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு மான்செஸ்டரில் டெஸ்ட் அறிமுகம் ஆனார். 18 ஓவரில் 89 ரன், ஒரு விக்கெட். இங்கிலாந்து 669 அடித்த இன்னிங்ஸ் அது. லாலியில் அவர் பந்து செய்ததை மான்செஸ்டரின் தட்டையான ஆடுகளத்தில் செய்ய வேண்டுமானால் கூடுதலாக ஏதாவது வேண்டும். வேகமோ, பவுன்ஸோ, பழைய பந்தை வளைக்கும் வித்தையோ, ஏதோ ஒன்று.

அதற்காக "பார்த்தீர்களா, அந்தப் பத்து விக்கெட் சும்மா" என்று முடித்துவிடுவதும் தவறுதான். பங்கஜுக்கு நடந்த அதே அநியாயத்தை வேறு வழியில் செய்வது அது. ஒரு டெஸ்டை வைத்து யாரையும் ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது.

பந்தே வேறு என்பதையும் மறந்துவிடுகிறோம். இந்தியாவில் எஸ்ஜி பந்து, இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா. டியூக்ஸ் பந்து நாள் முழுக்க ஏதாவது செய்துகொண்டிருக்கும். கூக்கபுராவோ முதல் இருபது ஓவர் போனதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே உயரமும் வேகமும் உள்ளவர்கள்தான் பிழைப்பார்கள். கர்நாடகாவின் வினய் குமார் ரஞ்சியில் அசைக்க முடியாத ஆள். 2012இல் பெர்த்தில் அவருக்கு ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. டேவிட் வார்னர் 180 அடித்த நாளில் 13 ஓவரில் 73 ரன் போனது. திறமை குறைந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது, அதன் பிறகும் கர்நாடகாவுக்கு இரண்டு ரஞ்சிக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த கேப்டன் அவர். பெர்த்துக்கு அனுப்ப வேண்டிய பந்துவீச்சாளர் அவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ரஞ்சி எண்களைப் பார்க்கும்போது இன்னொரு வேலையும் செய்யுங்கள். விக்கெட் பட்டியலில் எத்தனை பேர் முதல் ஐந்து இடத்தில் ஆடுபவர்கள், எத்தனை பேர் கடைசியில் மட்டையைச் சுழற்றுபவர்கள் என்று எண்ணுங்கள். காலையில் பனி ஈரத்தில் விழுந்தவை எத்தனை, மாலை நாலரை மணிக்கு மூன்றாவது ஸ்பெல்லில், அதாவது மூன்றாம் முறையாகப் பந்தை வாங்கித் தொடர்ந்து வீசும் ஓவர்களில், விழுந்தவை எத்தனை என்றும் பாருங்கள். இரண்டாவது கணக்கு எந்த இணையதளத்திலும் எளிதாகக் கிடைக்காது, ஆட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். தேர்வாளர்கள் மைதானம் மைதானமாக அலைவது அதற்காகத்தான்.

வேகத்தைப் பார்த்து மயங்குவது

2022 ஐபிஎல்லில் உம்ரான் மாலிக் மணிக்கு 157 கிலோமீட்டரைத் தொட்டபோது எனக்கும் புல்லரித்தது. நம் நாட்டில் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருந்த தலைமுறை நாங்கள். அந்தத் தொடரில் 22 விக்கெட், அதே ஜூனில் இந்திய அணியில் இடம். 10 ஒருநாள் ஆட்டங்களிலும் 8 டி20களிலும் ஆடினார். டி20யில் ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் போனது.

வேகம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் திரையில் தெரிவது அன்றைய அதிகபட்ச வேகம். கேட்க வேண்டியது சராசரி வேகத்தை. அதுவும் முதல் ஸ்பெல்லுக்கும் கடைசி ஸ்பெல்லுக்கும் நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்பதை. ஒரே லெங்த்தில், அதாவது பந்தை ஒரே தூரத்தில் குத்தி, தொடர்ந்து போட முடிகிறதா என்பதையும். நல்ல பேட்ஸ்மேனுக்கு 150இல் வரும் தப்பான பந்து ஒரு பரிசு, மட்டையைக் காட்டினாலே எல்லைக்கு ஓடிவிடும்.

இதற்கு நேர் எதிர் வெர்னான் பிலாண்டர். தென்னாப்பிரிக்காவுக்காகப் பெரும்பாலும் 130ஐ ஒட்டித்தான் வீசினார். 2011இல் கேப் டவுனில் ஆஸ்திரேலியா 47 ரன்னுக்குச் சுருண்டபோது 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், அது அவருடைய முதல் டெஸ்ட். ஏழாவது டெஸ்டிலேயே 50 விக்கெட்டைத் தொட்டுவிட்டார். ஓய்வு பெறும்போது 64 டெஸ்டில் 224 விக்கெட், சராசரி 22 சொச்சம். ஸ்பீடு கன்னை மட்டும் பார்க்கும் தேர்வுக்குழுவாக இருந்திருந்தால் அவரை நெட்ஸுக்குக்கூட அழைத்திருக்காது.

ஐபிஎல்லை வைத்து டெஸ்டுக்குச் சீட்டு எழுதுவது

டி20யில் ஒருவர் போடுவது 24 பந்து. டெஸ்டில் ஒரே நாளில் அதைப்போல் நான்கைந்து மடங்கு போட வேண்டியிருக்கும், மறுநாள் காலையில் மறுபடி ஓடி வர வேண்டும். இரண்டும் வேறு வேலை.

ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்கியவர்களும் ஏமாந்தார்கள். 2018 ஜனவரியில் கேப் டவுனில் பும்ராவை டெஸ்டில் இறக்கியபோது "இவர் வெள்ளைப் பந்து ஆள், இவருக்கு எதற்கு டெஸ்ட்?" என்று முணுமுணுத்தவர்கள் பலர். அவர்கள் பார்க்க மறந்தது ஒன்று. அதற்குள் பும்ரா ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களான முதல்தர ஆட்டங்கள் 26இல் 89 விக்கெட் எடுத்திருந்தார். யார்க்கர் போடும் கையாகவே எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், குஜராத்துக்காக நீண்ட ஸ்பெல் போட்ட கையாக யாரும் பார்க்கவில்லை. அந்த ஆண்டில் மட்டும் 9 டெஸ்டில் 48 விக்கெட்.

டி20க்குள்ளேயே கூட எகானமியை, அதாவது ஓவருக்குக் கொடுக்கும் சராசரி ரன்னை, மொட்டையாக ஒப்பிடக் கூடாது. முதல் ஆறு ஓவரான பவர்பிளேயில் புதுப் பந்தோடு ஓவருக்கு எட்டு ரன் கொடுப்பவரையும், கடைசி நான்கு ஓவரில் ஒன்பது ரன் கொடுப்பவரையும் பக்கத்தில் வைத்து "எட்டுதான் குறைவு" என்றால் எப்படி? எனக்கு ஒன்பது கொடுத்தவர்தான் வேண்டும். சின்னச்சாமி மைதானத்தில் பாதி ஆட்டங்களை ஆடுபவருக்கும் சேப்பாக்கத்தில் ஆடுபவருக்கும் அதே பேச்சுதான். 2023இல் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ளலாம் என்ற இம்பாக்ட் பிளேயர் விதி ஐபிஎல்லில் வந்த பிறகு எட்டாவது இடம் வரை அடிக்கிறவர்கள் நிற்கிறார்கள். அதனால் பழைய சீசன் எண்களோடு புதிய எண்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும்.

வயதைப் பார்த்து ஒதுக்குவது

ஸ்காட் போலண்டுக்கு ஆஸ்திரேலியா முதல் டெஸ்டைக் கொடுத்தபோது அவருக்கு 32 வயது. 2021 டிசம்பரில் மெல்போர்னில் நான்கு ஓவரில் 7 ரன் கொடுத்து 6 விக்கெட், இங்கிலாந்து 68க்கு ஆல் அவுட்.

நம் பக்கம் ஜெயதேவ் உனட்கட். 2010 டிசம்பரில் செஞ்சூரியனில், 19 வயதில், விக்கெட் இல்லாமல் முடிந்த ஒரு டெஸ்ட். அடுத்த டெஸ்ட் 2022 டிசம்பரில், மிர்பூரில். நடுவில் 12 வருடம், இந்தியா ஆடிய 118 டெஸ்டுகள். இடையில் 2019-20 ரஞ்சி சீசனில் 67 விக்கெட் எடுத்துச் சௌராஷ்டிராவுக்குக் கோப்பையும் வாங்கித் தந்தார். என்னைக் கேட்டால் தவறு இரண்டு பக்கமும் நடந்தது. 19இல் பழுக்காத காயைப் பறித்தார்கள், 28இல் பழுத்தபோது மரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

உடம்பை மறந்துவிடுவது

மயங்க் யாதவ் 2024 ஐபிஎல்லில் 156.7 கிலோமீட்டரில் வீசினார். ஆடியது நான்கே ஆட்டம், பிறகு காயம். அக்டோபரில் வங்கதேசத்துக்கு எதிராக குவாலியரில் இந்தியாவுக்காக அறிமுகம், முதல் ஓவரே மெய்டன். அந்தத் தொடருக்குப் பிறகு மறுபடி காயம், இந்த முறை முதுகில். ஆள் அருமை, ஆனால் எத்தனை ஓவர் தாங்குவார் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஐந்து டெஸ்ட் கொண்ட தொடருக்கு ஒருவரைக் கூட்டிப் போக முடியாது. பும்ராவே 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்துவிட்டு, சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் பந்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியவர்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நம் ஊர்ப் பாசம்

இங்கே நானே குற்றவாளி. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21இல் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். இந்தியாவில் அப்படி ஆனவர் அதற்கு முன் யாரும் இல்லை. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன் கொடுத்து மூன்று விக்கெட். அதன் பிறகு முழங்கால் அறுவைச் சிகிச்சை வந்தது. கடைசியில் கணக்கு ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20 என்று நின்றுபோனது.

2024 டி20 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லாத அன்று நான் கொதித்துப்போய்ப் பேசாத ஆளில்லை. "அந்த ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தவரை எப்படி விட்டார்கள்?" என்று இப்போதும் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அணியை அறிவித்தது ஏப்ரல் 30. ஐபிஎல் முடிந்தது மே 26. அந்த 19இல் ஒரு பகுதி அணி அறிவித்த பிறகு விழுந்தது, அதை எடுத்துக் காட்டித் தேர்வாளர்களைத் திட்டுவது நியாயமில்லை.

அப்புறம், நான் கேட்க மறந்த கேள்வி: யாருக்குப் பதிலாக? பதினைந்து பேரில் இடதுகை வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர் அர்ஷ்தீப் சிங். புதுப் பந்தையும் போடுவார், கடைசி ஓவரையும் போடுவார். அந்த உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார், அதைவிட அதிகமாக யாரும் எடுக்கவில்லை. அவரை எடுத்துவிட்டு நடராஜனைப் போடு என்று என்னாலேயே சொல்ல முடியாது. சிராஜ் நியூயார்க்கில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதும் சுழற்பந்து வீச்சாளர் குல்தீப்புக்கு இடம் விட்டார். ஆக, உண்மையான சண்டை ரிசர்வ் பட்டியலில் இருந்த கலீல் அகமதுவின் இடத்துக்குத்தான். கலீல் புதுப் பந்தை ஸ்விங் செய்பவர், நடராஜன் கடைசி ஓவர்களில் யார்க்கர் போடுபவர். புதுப் பந்துக்கு அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கும்போது ரிசர்வில் உட்கார வேண்டியவர் கடைசி ஓவர் ஆள்தானே? இந்தச் சண்டையை மட்டும் நான் இன்னும் விடவில்லை.