காலை ஜெபத்துக்கு தேதியே போதும்

காலை ஜெபத்தில் பைபிளிலுள்ள சங்கீதங்களில் (ஜெபப் பாடல்களில்) எதை வாசிப்பது என்று பக்கம் புரட்டிக்கொண்டிருக்காமல், அன்றைய தேதியோடு 30, 30 ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 12ஆம் தேதி என்றால் சங்கீதம் 12, 42, 72, 102, 132. ஐந்தில் மனதில் தைத்த ஒரு வசனத்தை எடுத்து, அன்று நீங்கள் நிற்கப்போகிற இடம் வகுப்பறையோ கடையோ ஆஸ்பத்திரி வார்டோ, அந்த வேலைக்காக ஜெபித்துவிட்டுக் கிளம்பலாம்.

மொத்தம் 150 என்பதால் 30 நாளில் முழுவதும் முடிகிறது, ஒரு நாள் தவறினாலும் பாக்கி சேராது (எனக்கு அதுதான் பெரிய நிம்மதி). அப்புறம், நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்ப வாசிக்காமல் புலம்பலும் கோபமும்கூட ஜெபத்துக்குள் வந்துவிடும்.

29ஆம் தேதி மட்டும் சரிவராது. 119 மாட்டும், 176 வசனம்! அதை 31க்குத் தள்ளிவிடுங்கள். துக்க வீட்டில் இருக்கிற நாளிலும் இந்தக் கணக்கு வேண்டாம், நேராக 23ஐத் திறங்கள்.