விளக்கு தானாக எரியட்டும், சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்

மூன்று வருடத்துக்கு முன்னால், விளக்கு, மோட்டார் எல்லாம் தானாகவோ போன் வழியாகவோ இயங்கும்படி வீட்டை 'ஸ்மார்ட்' ஆக்கித் தரும் ஒரு டீலர் எங்கள் வீட்டுக்கு வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து 3,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் அனுப்பினார். பாளையங்கோட்டையில் 1998-ல் கட்டிய மாடி வீடு. நான் கேட்டது நாலே நாலு. ராத்திரி அம்மா எழுந்தால் நடையில் விளக்கு எரிய வேண்டும். மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும். வாசல் விளக்கு சாயங்காலம் தானாக எரிந்து காலையில் அணைய வேண்டும். ஊருக்குக் கிளம்பிய பிறகு, கீசரை அணைத்தோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து பதறக் கூடாது. கொட்டேஷனில் இவற்றோடு கண்ணாடித் தொடு சுவிட்சுகளும், திரைச்சீலையை இழுக்க மோட்டாரும் இருந்தன. எங்கள் வீட்டில் திரைச்சீலை என்று இருப்பது பூஜை அறைக்கு மட்டும்தான்.

முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற திமிரில் நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். வயர்மேன் கூலியும், புகைந்துபோன ஒரு கருவியும் சேர்த்து இதுவரை 38,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அந்த டீலர் கேட்டதும் அநியாயம் இல்லை. என் வீட்டுக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இது: சுவருக்குள் இருப்பது வயர்மேன் வேலை, போனுக்குள் இருப்பது நம் வேலை, சுவரே இன்னும் எழும்பவில்லை என்றால் டீலரைக் கூப்பிடலாம்.

கடைக்குப் போகும் முன்னால் ஒரு நோட்டும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டிய முதல் விஷயம் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். போன் சொல்கிறபடி விளக்கை எரித்து அணைக்க, சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூலும் ஒரு சின்னக் கருவிதான், அது ஓடவே கரண்ட் வேண்டும். கரண்டைக் கொண்டுவரும் பேஸ் வயர் மட்டும் இருந்தால் பெரும்பாலான மாட்யூல்கள் உயிர் பெறாது. நம் ஊர் வீடுகளில் ஒரு நல்ல காலம்: ஹால், படுக்கையறை போர்டுகளில் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் பெட்டிக்குள் வந்திருக்கும். படிக்கட்டு டூவே சுவிட்ச், கட்டில் ஓரத்து ஒற்றைச் சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் தனிச் சுவிட்ச், இவற்றில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, பெட்டி. பழைய வீட்டில் சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி. அதற்குள் மாட்யூலை வைத்தால் வைஃபை திணறும். எங்கள் மாடி அறையில் ரவுட்டர் பத்தடி தூரத்தில் இருந்தும் சிக்னல் வந்து வந்து போனது. வயர்களைக் கலைத்து, மாட்யூலைப் பிளாஸ்டிக் முகப்பை ஒட்டி வைத்ததும் சரியானது. இன்னொன்று, இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சேர்க்கும்போது அடம் பிடிக்கலாம். அன்றைக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிடுங்கள்.

ஸ்மார்ட் பல்பு வாங்கி மாட்டுவதுதான் எல்லாரும் எடுத்து வைக்கும் முதல் அடி. நானும் அம்மா அறையில் ஒன்று மாட்டினேன். இரண்டு நாளில் கதை தெரிந்துவிட்டது. அம்மா சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே இல்லை, அப்புறம் போனில் என்ன தட்டியும் பயனில்லை. சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏய்யா, லைட்டை அணைக்கதுக்குப் போனைக் கேக்கணுமாக்கும்?" என்றார். போதாக்குறைக்கு ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. பல்பு பளிச்சென்று எரிந்து அம்மாவை எழுப்பிவிட்டது. கரண்ட் திரும்பி வந்தால் எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, கடைசியாக இருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று செயலியில் ஓர் அமைப்பு உண்டு. கையோடு அதை 'அணைந்தே' என்று வைத்துவிடுங்கள். கரண்ட் போய் வரும் ஊரில் இது விருப்பம் இல்லை, அவசியம்.

பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் மாட்யூலுக்கு மாறினேன். இதில் சுவர் சுவிட்ச் பழையபடியே இருக்கும். கையால் தட்டினாலும் எரியும், போனில் தட்டினாலும் எரியும். இணையம் செத்துக் கிடந்தாலும் கைக்கு வேலை செய்யும். வாங்கும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பொருத்தும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மாட்யூல் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று, பல்புக்குப் போகும் வயர் ஒன்று, சுவிட்சுக்கு இரண்டு, இப்படி ஐந்தாறு துளைகள். பேஸையும் நியூட்ரலையும் மாட்யூலுக்குக் கொடுத்து, வெளிவரும் வயரைப் பல்புக்கு விட்டு, சுவிட்சின் இரண்டு காலையும் அதன் துளைகளில் செருக வேண்டும். இங்கேதான் வினை. சில மாட்யூல்களில் சுவிட்சுக்கான துளைகளுக்கு வெளியிலிருந்து பேஸ் கொடுக்கவே கூடாது. சுவிட்ச் அந்த இரண்டு துளைகளையும் இணைத்துப் பிரிப்பதோடு சரி. வேறு சில மாட்யூல்களில் பேஸ்தான் கொடுக்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எங்கள் தெரு வயர்மேன் அண்ணாச்சி நாற்பது வருடப் பழக்கத்தில், சுவிட்சுக்கு எப்போதும் கொடுப்பதுபோலப் பேஸைக் கொடுத்தார். பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாசனை, 900 ரூபாய் போச்சு. "சார்வாள், இதுல பேஸ் குடுக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்த தாளில் கடுகு அளவு எழுத்தில் போட்டிருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவன் நான், அவர் மேல் குற்றம் இல்லை. அதிலிருந்து வயரிங் படத்தை ஏ4 தாளில் பெரிதாக வரைந்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பிப்போம். பேஸ் கொடுக்காத வகையிலும் அந்தத் துளைகளில் 230 வோல்ட் பதுங்கியிருக்கலாம், கை வைக்கக் கூடாது.

இப்போது இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்து நான் ஹால் போர்டைத் திறந்த நாளை மறக்க மாட்டேன். மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்தது. லைட், ஃபேன் லைன் முழுவதும் உயிரோடு இருந்தது. விரல் நுனியில் ஓர் இழுப்பு, அதோடு விட்டது என் அதிர்ஷ்டம். மெயின், இன்வெர்ட்டரின் சுவிட்ச், சோலார் இருந்தால் அது, எல்லாவற்றையும் அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் சில நேரம் பொய் சொல்லும். மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் போர்டில் வையுங்கள். அந்த இழுப்புக்குப் பிறகு நான் போர்டைத் திறப்பதில்லை. வயரிங் வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்பது விதியும்கூட. நாள் கூலி கொடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டால் ஒரே நாளில் ஆறு போர்டு முடித்துவிடுகிறார்.

அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம் வேறொரு பையன் வந்தான். படிக்கட்டுப் பெட்டியில் நியூட்ரல் இல்லை. பக்கத்தில் மாடி லைனிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்து மாட்டிவிட்டுப் போனான். விளக்கும் எரிந்தது, கூடவே கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழுந்தது. விளக்கைப் போடும்போதெல்லாம் கீழ்வீடு மொத்தமும் இருட்டு. ஆர்சிசிபி செய்வது எளிய கணக்குதான்: பேஸில் போன கரண்ட் அதே வழி நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வீடுகளில் மாட்டுவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். கீழ் லைனில் போன கரண்ட் மாடி லைனில் திரும்பினால் அது விழத்தான் செய்யும். கருவி கெட்டுப்போனது என்று அதைக் கழற்றி எறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசம், நியூட்ரல் இல்லாத இடத்தில் எர்த் வயரை நியூட்ரலாகக் கொடுப்பது. யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். எங்காவது அந்த எர்த் அறுந்தால் ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் வந்து நிற்கும்.

கீசருக்கு வருவோம். 2 கிலோவாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. மாட்யூலில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி 2 கிலோவாட் கீசரை அதில் விட்டால், மூடிய பெட்டிக்குள் நாள்தோறும் சூடாகிக்கொண்டே இருக்கும். 16 ஆம்பியருக்கு மேற்பட்டதை வாங்குங்கள், அல்லது நடுவில் கான்டாக்டர் என்ற, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். மாட்யூல் கான்டாக்டரைத் தட்டும், பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கும். தண்ணீர் மோட்டாருக்குக் கான்டாக்டர் கட்டாயம். ஓட ஆரம்பிக்கும் நொடியில் அது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், சின்ன ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது.

மோட்டாரில் நான் ஸ்மார்ட்டாக எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு மோட்டார் கடையில் சென்சாரோடு சாதாரண வாட்டர் லெவல் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன். தொட்டி நிறைந்தால் நிறுத்தும், கீழே சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓட விடாது. தொட்டி நிறைந்த சேதி வெளிநாட்டில் இருக்கும் கம்பெனிக் கணினிக்கு, அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் மோட்டார் நிற்க வேண்டுமா?

சர்வர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் இந்த மாதிரி ஸ்மார்ட் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் என்ற பழைய நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை நிறுத்தியது. அதை நம்பியிருந்தவர்களின் செயலி வேலை செய்யவில்லை. அதற்கும் முன்னால், 2016-ல், வீட்டுக் கருவிகளை ஒன்றுசேர்த்து இயக்கும் ரிவால்வ் என்ற நடுப்பெட்டியை, அதாவது ஹப்பை, அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட் நிறுவனமே முடக்கியது. வீட்டில் நல்ல நிலையில் இருந்த பெட்டி வெறும் டப்பா ஆனது. ஆகவே எதை வாங்கினாலும், ஒரு சாயங்காலம் ரவுட்டரை அணைக்காமல் அதற்கு வரும் இணைய வயரை மட்டும் உருவிவிட்டு, என்னவெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் இயங்கும் சென்சார்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு ஹப்போடு பேசிக்கொள்வதால், ஹப்பைப் பொறுத்துப் பெரும்பாலும் தப்பிக்கும். அம்மா நடந்தால் எரியும் நடை விளக்கு அந்த வகைதான், சென்சாரின் காசு வடிவப் பேட்டரியை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். கொஞ்சம் மெனக்கெட முடியும் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, 2013-லிருந்து வளர்ந்து வருவது. பழைய லேப்டாப்பில் போட்டால் வீட்டு மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கும். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, வீட்டம்மாவின் பொறுமை இரண்டோடு முடிந்துவிட்டது. ரவுட்டரையும் அந்த லேப்டாப்பையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுவதை மறக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னவன்தான், தங்கை மகன் தென்காசியில் புது வீடு கட்ட ஆரம்பித்ததும் "மாப்ளே, நீ டீலரையே பாரு" என்றேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது, வீடும் பெரிது. சுவர் பூசும் முன்னால் எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுப்பது, ஆழமான பெட்டி வைப்பது, ஜன்னல் மேலே திரைச்சீலைக்கு ஒரு பாயிண்ட் விடுவது, கரண்ட் ஒவ்வொரு லைனாகப் பிரியும் டிபி பாக்ஸ் அருகே நெட்வொர்க் கேபிளைக் கொண்டுவருவது, இதெல்லாம் அப்போது சில ஆயிரத்தில் முடியும். பூச்சு முடிந்த பிறகு சுவரைக் கொத்த வேண்டும். கேஎன்எக்ஸ் என்ற பொதுத் தரம் மாதிரி, சுவிட்சுகள் தங்களுக்குள் பேசத் தனியாகப் பச்சைக் கேபிள் இழுத்துச் செய்யும் முறை உறுதியானது, பல கம்பெனிச் சாமான்கள் அதில் ஒன்றோடொன்று பேசும். ஆனால் அதை அமைப்பது கணினியில் தனி மென்பொருள் வைத்துத்தான். அந்த அமைப்பு முழுவதும் ஒரு ஃபைலில் இருக்கும். ஃபைல் டீலரிடம் மட்டும் இருந்தால், ஒரு சுவிட்சின் வேலையை மாற்றவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

அதனால் அவனிடம் இரண்டு விஷயத்தை எழுதி வாங்கச் சொன்னேன். கடைசித் தவணை கொடுக்கும் அன்று அந்தப் புராஜெக்ட் ஃபைல் பென்டிரைவில் கைக்கு வர வேண்டும். செயலியின் கணக்கு அவன் மின்னஞ்சலில், அவன் கடவுச்சொல்லில் தொடங்கப்பட வேண்டும். எங்கள் தெருக்கோடி வீட்டில் டீலர் கடையில் வேலை பார்த்த பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் தொடங்கிவிட்டான். வீட்டுக்காரர் தன் வீட்டுக்கே விருந்தாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். கடையை மூடிவிட்டார்கள், பையன் எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் பதினெட்டுக் கருவியையும் ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாகச் சேர்க்க நான் போய் உட்கார்ந்தேன். காபி மட்டும் அருமையாக இருந்தது.

கடைசியாக ஒரு தாள் வேலை. எந்தப் போர்டில் எந்த மாட்யூல், அந்த லைனை அணைக்க டிபி பாக்ஸில் எந்த எம்சிபி சுவிட்ச், நியூட்ரல் எங்கிருந்து வருகிறது, கணக்கு யார் பெயரில், மாட்யூலை எடுத்துவிட்டுப் பழையபடி நேராக இணைக்க எந்த வயரை எதோடு சேர்க்க வேண்டும், எல்லாவற்றையும் தமிழில் எழுதி டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம், அது பீரோவில் இருக்கட்டும். நான் இல்லாத நாளில் ஏதாவது நின்றுபோனால் அம்மாவும் மனைவியும் யாரைத் தேடுவார்கள் என்று யோசித்துத்தான் எழுதினேன். ஒட்டி முடித்ததும் அண்ணாச்சி நின்று முழுக்கப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் தன் போன் நம்பரையும் எழுதினார்.